தர்மபுரியின் பெரிய எண் 15,06,843: அது சொல்லும் சேதி என்ன?

பதினைந்து லட்சத்து ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்று!

தர்மபுரி ஜில்லாவுக்குச் சர்க்கார் புத்தகத்தில் உள்ள எண் இது. 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி முடிந்து, மார்ச் 1-ந் தேதி பிறந்த நள்ளிரவில், இந்த ஜில்லாவில் இருந்த ஜனங்கள் இத்தனை பேர் என்று ஜனத்தொகைக் கணக்கு இலாகா எழுதி வைத்த தொகை.

ஓர் ஊருக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமா? ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை போடுவது? குடிதண்ணீர்த் திட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? எந்தக் கேள்வி எழுந்தாலும் அதிகாரிகள் முதலில் புரட்டுவது இந்தக் கணக்கைத்தான்.

இத்தகைய எண்ணுக்கு வழக்கமான ஆயுள் பத்து ஆண்டு. 1881-ஆம் ஆண்டு முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை தவறாமல் நம் நாட்டில் தலை எண்ணி வந்தார்கள். 2021-இலும் எண்ணியிருக்க வேண்டும். கொரோனா நோய் குறுக்கே வந்தது. கணக்கு தள்ளிப் போயிற்று. பத்து ஆண்டு உழைக்க வேண்டிய எண், பதினைந்து ஆண்டைத் தாண்டியும் உழைக்க நேர்ந்தது.

இதற்குப் பதிலாகப் புதிய எண் வரப்போகிறது. 2025 ஜூன் 16-ந் தேதி மத்திய சர்க்கார் அதற்கான அறிவிப்பை வெளியிட்டது. 2026 ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில் வீட்டுப் பட்டியல். 2027 பிப்ரவரியில் தலை எண்ணிக்கை. 2027 மார்ச் 1-ந் தேதி பிறக்கும் நள்ளிரவுதான் கணக்கு நேரம். இதுதான் ஏற்பாடு.

புதிய எண் வரும்போது அதை எப்படிப் பார்ப்பது? பழைய எண்ணை வைத்தே அதைப் பழகிக் கொள்ளலாம். பெரிய எண்களில் இரண்டு வகைச் சங்கதிகள் உண்டு. ஒன்று, தற்செயலாக அமைந்த வேடிக்கை. மற்றொன்று, மனிதர் செய்த காரியத்தின் அடையாளம். இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஒன்பது, ஒன்பது, ஒன்பது!

முதலில் வேடிக்கையைப் பார்ப்போம்.

15,06,843-இன் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள். 1, 5, 0, 6, 8, 4, 3. மொத்தம் 27. இலக்கங்களின் கூட்டுத்தொகை 9-ஆல் வகுபட்டால் அந்த எண்ணும் 9-ஆல் வகுபடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். வகுத்தால் 1,67,427 வருகிறது. அதன் இலக்கங்களையும் கூட்டினால் 27! மறுபடியும் 9-ஆல் வகுத்தால் 18,603. இலக்கங்களின் கூட்டுத்தொகை 18. இன்னொரு முறை வகுத்தால் 2,067. அதை 3-ஆல் வகுத்தால் 689.

689 என்பது 13-ஐ 53-ஆல் பெருக்கிய தொகை. இதற்கு மேல் உடைக்க முடியாது. 3, 13, 53 மூன்றும் பகா எண்கள். அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை.

ஆகவே, தர்மபுரியின் ஜனத்தொகை என்பது 3-ஐ ஏழு முறை எழுதிப் பெருக்கி, 13-ஆலும் 53-ஆலும் பெருக்கினால் வருவது. 3-ஐ ஏழு முறை பெருக்கினால் 2,187. 13-ஐயும் 53-ஐயும் பெருக்கினால் 689. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். கச்சிதமாக 15,06,843!

இந்த எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்கள் மொத்தம் 32. ஜில்லாவின் ஜனங்களை 13 கூட்டமாகப் பிரித்தால் கூட்டத்துக்கு 1,15,911 பேர். 53 கூட்டமாகப் பிரித்தால் 28,431 பேர். ஒருவர்கூட மிஞ்சமாட்டார். ஆனால் இரண்டு சம பாதியாகப் பிரிக்க முடியாது, எண் ஒற்றைப்படை. பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் என்று ஐந்து சட்டசபைத் தொகுதிகள் உண்டே, அவற்றுக்குச் சமமாகப் பங்கிடலாமா என்றால் மூன்று பேர் வெளியே நிற்பார்கள்!

அதிசயமா? தற்செயலா?

"ஏழு மூன்றுகளா? இதில் ஏதோ இருக்கிறது!" என்று ஜோசியம் பார்ப்பவர்கள் சொல்லக்கூடும். எதுவும் இல்லை.

2,187-ஆல் மீதியின்றி வகுபடும் எண், 2,187 எண்களுக்கு ஒன்று வரும். அப்படியானால் இது அபூர்வம்தானே? ஒரே ஒரு எண்ணை எடுத்துப் பார்த்தால் அபூர்வம்தான். ஆனால் 2011 கணக்கில் இந்தியா முழுவதும் 640 ஜில்லாக்கள். 640 எண்களை வரிசையாக வைத்துத் தேடினால், அவற்றில் ஒன்றாவது இப்படி அமைய நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அது தர்மபுரிக்கு அடித்தது. அவ்வளவுதான். லாட்டரியில் யாருக்கோ பரிசு விழுவது அதிசயம் அல்ல. விழுந்தவருக்குத்தான் அது அதிசயம்.

தர்மபுரிக்கு அதிக தூரமில்லாத ஈரோட்டில் 1887-இல் பிறந்த கணித மேதை ராமானுஜன், எண்களை இப்படி உடைத்துப் பார்ப்பதில் மன்னர். ஒரு பெரிய எண்ணை உடைத்தால் அதில் எத்தனை வெவ்வேறு பகா எண்கள் இருக்கும் என்ற கேள்வியை அவரும் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டியும் ஆராய்ந்தார்கள். 1917-இல் முடிவை வெளியிட்டார்கள். எண் எவ்வளவு பெருத்தாலும் அந்தத் தொகை மிக மிக மெதுவாகத்தான் ஏறும் என்று அவர்கள் நிரூபித்தார்கள். அவர்களுடைய சூத்திரத்தில் 15 லட்சத்தைப் போட்டால், இரண்டரைக்கும் சற்று மேலாக விடை வருகிறது. தர்மபுரியின் எண்ணில் இருப்பது 3, 13, 53 என்று மூன்றே வெவ்வேறு பகா எண்கள். ராமானுஜன் கண்ணுக்கு இது சாதாரண எண்தான்!

ஒருவர் கூடினால்?

இந்த வேடிக்கை எவ்வளவு மெலிந்த நூலில் தொங்குகிறது என்பதையும் பாருங்கள்.

கணக்கு நேரம் நள்ளிரவு. அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் பென்னாகரத்தில் ஒரு குழந்தை பிறந்தால் அது கணக்கில் சேரும். ஒரு நிமிஷம் பின்னால் பிறந்தால் சேராது. இதற்காகவே 2011-இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை வீடு வீடாக எண்ணிய ஊழியர்கள், மார்ச் 1 முதல் 5 வரை மறுபடியும் வீடுகளுக்குப் போனார்கள். இடையில் பிறந்தவர்களைச் சேர்த்தார்கள். இறந்தவர்களை நீக்கினார்கள்.

ஒரே ஒரு குழந்தை அதிகமாகப் பிறந்திருந்தால் எண் 15,06,844. ஏழு மூன்றுகள் போய், ஒரு மூன்றுகூட மிஞ்சாது! ஒருவர் குறைந்து 15,06,842 ஆனாலும் இதே கதிதான். 3-ஆல் வகுபடும் எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள எண்கள் ஒருபோதும் 3-ஆல் வகுபடா.

ஓர் உயிர் கூடினாலே குலைந்து போகிற குணம், எண்ணின் குணமே தவிர ஜில்லாவின் குணம் அல்ல.

கணக்கு வாத்தியாரின் சோதனை

ஒன்பதால் வேறொரு பயன் உண்டு. கம்ப்யூட்டர் வருவதற்கு முன், கூட்டல் சரியா என்று பார்க்க வாத்தியார்களும் கடைக் கணக்குப்பிள்ளைகளும் கையாண்ட உபாயம் அது.

தர்மபுரியில் ஆண்கள் 7,74,303. இலக்கங்களைக் கூட்டினால் 24; மேலும் கூட்டினால் 6. பெண்கள் 7,32,540. கூட்டினால் 21, மேலும் கூட்டினால் 3. ஆறும் மூன்றும் ஒன்பது. மொத்தத் தொகையான 15,06,843-இன் இலக்கங்களைக் கூட்டினால் 27. மேலும் கூட்டினால் அதுவும் ஒன்பது. கணக்கு பொருந்துகிறது!

காரணம் எளிது. 10, 100, 1,000 எதை 9-ஆல் வகுத்தாலும் மீதி 1. ஆகவே ஓர் இலக்கம் எந்த ஸ்தானத்தில் நின்றாலும் 9-ஐப் பொறுத்தவரை அதன் மதிப்பு ஒன்றே.

இந்தச் சோதனைக்கு ஒரு கண் குருடு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். எழுதுகிறவர் கைதவறி 15,06,843-ஐ 15,60,843 என்று எழுதிவிட்டால் 54,000 பேர் கூடிவிடுவார்கள். ஆனால் இலக்கங்கள் அதேதான். கூட்டினால் அதே 27. சோதனை வாயைத் திறக்காது!

இலக்கம் இடம் மாறும் தவறையும் பிடிக்க வேறு உபாயம் இருக்கிறது. அது ஒவ்வொருவர் கையிலும் உள்ள ஆதார் எண்ணிலேயே இருக்கிறது. அந்த 12 இலக்கங்களில் கடைசி இலக்கம் ஆளைக் குறிப்பதல்ல. முன்னால் உள்ள 11 இலக்கங்களுக்குக் காவற்காரன் அது. ஹாலந்து நாட்டுக் கணித அறிஞர் வெர்ஹோஃப் 1969-இல் வெளியிட்ட முறைப்படி அது கணக்கிடப்படுகிறது. ஓர் இலக்கம் தவறினாலும் சரி, அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும் சரி, உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனால் எந்தக் காவற்காரனாலும் ஆகாத வேலை ஒன்று உண்டு. எழுதிய தொகையில் தவறு இருந்தால் கணிதம் பிடிக்கும். எழுதாமலே விட்ட ஆளைக் கணிதம் எப்படிப் பிடிக்கும்?

விட்டுப் போனவர்கள்

இதற்குச் சர்க்கார் ஒரு வழி வைத்திருக்கிறது. கணக்கு முடிந்த பிறகு, பொறுக்கி எடுத்த சில பகுதிகளில் தனி ஊழியர்கள் மறுபடியும் போய் எண்ணுவார்கள். இரண்டு எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 2011-இல் அப்படிப் பார்த்தபோது, நாடு முழுவதற்குமாக ஆயிரத்துக்கு 23 பேர் விட்டுப் போயிருந்தார்கள் என்று தெரிந்தது.

அதே அளவில் தர்மபுரியிலும் விட்டுப் போயிருந்தால் என்ன ஆகும்? சுமார் 35 ஆயிரம் பேர்! இது வெறும் கணக்கு உதாரணம்தான். ஆனாலும், 15,06,843 என்ற எண்ணின் கடைசி இலக்கமான 3-ஐ எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை இது சொல்லும். எழுத்தில் அது ஓர் ஆள்வரை துல்லியம். உண்மையில் பல ஆயிரம் முன்னே பின்னே இருக்கலாம்.

தர்மபுரி போன்ற ஜில்லாவில் எண்ணுவது சுலபமான வேலை அல்ல. ஜனங்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கிராமவாசிகள். சித்தேரி மலை, வத்தல்மலை போன்ற இடங்களில் குடிசைகள் சிதறிக் கிடக்கின்றன. கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும் மற்ற ஊர்களுக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் ஏராளம். கணக்கெடுக்கும் நாட்கள் முழுவதும் வெளியூரிலேயே இருப்பவரை இருக்கும் ஊரில்தான் எண்ண வேண்டும் என்பது விதி. அங்கே ஷெட்டில் இருக்கும் குடும்பத்தை, "இவர்கள் ஊர்க்காரர்கள் அல்ல" என்று அந்த ஊர் ஊழியர் விட்டுவிட்டால்? இங்கே பூட்டிய வீட்டைப் பார்த்து இந்த ஊர் ஊழியரும் திரும்பிவிட்டால்? அந்தக் குடும்பம் இரண்டு எண்ணிலும் இல்லை!

இன்னும் ஒரு கூட்டம் உண்டு. கைக்குழந்தைகள். "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டால் தொட்டிலில் கிடப்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். உலகத்தில் பல நாடுகளின் கணக்கிலும் உள்ள குறை இது.

எண்ணைப் பிளந்தால்...

இப்போது வேடிக்கை முடிந்தது. எண்ணைப் பெருக்கலாக உடைத்துப் பார்த்தோம். இனி அதைக் கூட்டலாகப் பிளந்து பார்க்க வேண்டும். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

ஆண்கள் 7,74,303. பெண்கள் 7,32,540. வித்தியாசம் 41,763. ஆயிரம் ஆண்களுக்கு 946 பெண்கள்.

இதிலிருந்து ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை மட்டும் பிரித்தெடுத்தால் 1,67,940 பேர். ஆண் குழந்தைகள் 87,777. பெண் குழந்தைகள் 80,163. இந்த மூன்று எண்களும்கூட 9-ஆல் மீதியின்றி வகுபடுகின்றன என்பது இன்னொரு வேடிக்கை. அதை அங்கேயே விட்டுவிட்டு வித்தியாசத்தைப் பாருங்கள். 7,614. ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 913 பெண் குழந்தைகள்தான்.

"இதுவும் தற்செயலாக இருக்கலாமே? ஏழு மூன்றுகள் தற்செயல் என்றால், இதுவும் அப்படித்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டும்.

இயற்கையிலேயே ஆண் குழந்தைகள் சற்று அதிகமாகப் பிறக்கின்றன. இதை முதன்முதலில் கணக்கோடு ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஜான் ஆர்பத்நாட் என்ற ஆங்கில அரண்மனை வைத்தியர். லண்டன் நகரத்து ஞானஸ்நானப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். 1629 முதல் 1710 வரை 82 ஆண்டுகள். ஓர் ஆண்டுகூடத் தவறாமல் ஆண் குழந்தைகளே அதிகம்! தற்செயலாக இப்படி 82 முறை நடக்காது என்று அவர் வாதித்தார். பிற்காலத்தில் பல நாடுகளில் எண்ணிப் பார்த்ததில், 100 பெண் குழந்தைக்குச் சுமார் 105 ஆண் குழந்தை என்பது இயற்கையின் அளவு என்று தெரிந்தது. அதாவது ஆயிரம் ஆணுக்குச் சுமார் 950 பெண்.

அப்படியானால் 950 எங்கே, 913 எங்கே?

ஒரு சிறு கிராமத்தில் 20 குழந்தைகள் இருக்கின்றன. 12 ஆண், 8 பெண் என்றால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. நாணயத்தை 20 தடவை சுண்டினால் 12 தலை விழுவது சகஜம். ஆனால் சுண்டுவது அதிகமாக ஆக ஆக, பங்கு தன் நிலைக்கு நெருங்கிக்கொண்டே வரும். சுவிட்சர்லாந்து தேசத்து ஜேக்கப் பெர்னோலி இதை நிரூபித்தார். அவர் இறந்த பிறகு 1713-இல் அது புத்தகமாக வந்தது. பெரிய எண்ணின் பெரிய குணம் இதுதான்.

1,67,940 குழந்தைகள் என்பது சிறு கிராமம் அல்ல. இயற்கையின் அளவுப்படி இதில் ஆண் குழந்தைகள் சுமார் 86,123 பேர் இருக்க வேண்டும். தற்செயலால் ஏறி இறங்கக்கூடியது சுமார் 200. மிஞ்சிப் போனால் 600. ஆனால் இருப்பது 87,777. அதாவது 1,654 அதிகம்! ஏறக்கூடிய அளவைப்போல் எட்டு மடங்கு. தற்செயலாக இப்படி நடக்கக் கோடியில் ஒரு வாய்ப்புகூட இல்லை.

ஏழு மூன்றுகள் அமைய நாலில் ஒரு வாய்ப்பு. இது அமையக் கோடியில் ஒன்றுகூட இல்லை. முன்னது எண்ணின் விளையாட்டு. பின்னது மனிதர் கை பட்ட அடையாளம்.

காணாத பெண்கள்

ஆண் குழந்தைகள் 87,777 பேர் இருந்தால், இயற்கை அளவுப்படி பெண் குழந்தைகள் 83,388 பேர் இருக்க வேண்டும். இருந்தவர்கள் 80,163. குறை 3,225. வகுப்புக்கு 40 பேர் என்றால் 80 வகுப்பறைகளை நிரப்பக்கூடிய பெண் குழந்தைகள்!

இவர்கள் எங்கே? இரண்டு விடைதான் இருக்க முடியும். ஒன்று, வீட்டில் இருந்தும் பெயர் சொல்லப்படாமல் விட்டுப் போனவர்கள். மற்றொன்று, பிறக்க விடப்படாதவர்கள் அல்லது பிறந்தும் வாழ விடப்படாதவர்கள்.

முதல் விடை மட்டும் உண்மையாக இருந்தால் எல்லோரும் நிம்மதி அடையலாம். ஆனால் தர்மபுரியின் பழைய கதை அப்படி நிம்மதி அடைய விடாது. பெண் சிசுக் கொலைக்குப் பெயர் கெட்ட வட்டாரங்களில் இதுவும் ஒன்றாக இருந்தது. 2001-ஆம் ஆண்டுக் கணக்கில் இன்றைய தர்மபுரி ஜில்லா எல்லைக்குள் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகளே இருந்தார்கள். அப்போது தமிழ்நாடு முழுவதற்குமான எண் 942.

இனி நல்ல செய்தியையும் சொல்ல வேண்டும். 826 என்பது பத்தே ஆண்டில் 913 ஆயிற்று. இந்த 87 என்ற வித்தியாசம் பார்வைக்குச் சிறிது. ஆட்களாக்கிப் பாருங்கள். 2011-இலும் பழைய 826-ஏ நீடித்திருந்தால் பெண் குழந்தைகள் 72,504 பேர்தான் இருந்திருப்பார்கள். ஆனால் இருந்தவர்கள் 80,163. கூடியவர்கள் 7,659 பெண் குழந்தைகள்! 191 வகுப்பறைகள் நிரம்பும்.

இது தானாக நடக்கவில்லை. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தர்மபுரிக்கும் வந்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று ஸ்கேன் பார்த்துச் சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாயிற்று. பெண்கள் சுய உதவிக் குழுக்கள் தமிழ்நாட்டில் முதலில் வேரூன்றியதே தர்மபுரியில்தான். சர்வதேச நிதி உதவியோடு 1989-இல் அந்த வேலை இங்கே தொடங்கியது. கையில் காசும் சபையில் பேச்சும் உள்ள தாய்க்குத் தன் பெண்ணைக் காப்பாற்றும் தெம்பு வருகிறது. இவற்றில் எதனால் எவ்வளவு பலன் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். எல்லாமாகச் சேர்ந்து எண்ணை அசைத்தன என்பதில் சந்தேகமில்லை.

ஆனாலும் 2011-இல் தமிழ்நாட்டின் எண் 943. தர்மபுரியின் எண் 913. பாதித் தூரத்துக்கு மேல் வந்தாயிற்று. ஊர் இன்னும் வந்து சேரவில்லை.

வரப்போகும் எண்

புதிய கணக்கு வெளிவரும்போது பத்திரிகைகளில் முதலில் கொட்டை எழுத்தில் வருவது மொத்தத் தொகையாகத்தான் இருக்கும். ஜனத்தொகை எவ்வளவு கூடியது, எந்த ஜில்லா முந்தியது, தொகுதிகளைப் பங்கிட்டால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்றெல்லாம் பேச்சு எழும். சாதி விவரமும் இந்த முறை கேட்கப்படுவதால் அதைப் பற்றியும் வாதம் நடக்கும். அவையெல்லாம் வேண்டிய வாதங்கள்தான்.

ஆனால் தர்மபுரிக்காரர்கள் முதலில் தேட வேண்டியது வேறொரு வரி. ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் எத்தனை, பெண் குழந்தைகள் எத்தனை? பெண் தொகையை ஆயிரத்தால் பெருக்கி, ஆண் தொகையால் வகுத்தால் விடை கிடைக்கும். ஐந்தாம் வகுப்புப் பையன் போடக்கூடிய கணக்கு. விடை 913-க்கு மேலே போனால் வேலை நடக்கிறது என்று பொருள். 950-ஐத் தொட்டால் கணக்கு நேரானது. 913-க்குக் கீழே இறங்கினால் சட்டத்தை ஏமாற்றும் ஸ்கேன் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால், எண்ண வருபவருக்கு எல்லாப் பெயரும் சொல்லப்பட வேண்டும். இம்முறை காகிதப் படிவத்துக்குப் பதிலாகக் கைபேசியில் பதிவு செய்ய ஏற்பாடு. வீட்டாரே இணையத்தில் விவரத்தைப் பதிந்து கொள்ளவும் வழி உண்டு. கருவி மாறினாலும் கேள்வி பழையதுதான்: "வீட்டில் யார் யார்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது, தொட்டிலில் கிடக்கும் பெண் குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்று விட்டுவிட வேண்டாம். பெயர் வைக்காவிட்டாலும் எண்ணிக்கையில் சேர்க்கலாம். வெளியூரில் வேலை செய்யும் குடும்பங்கள், அங்கே எண்ண வருபவரிடம் தாமாகவே முன்வந்து சொல்ல வேண்டும். மலைக் கிராமத்துக்கு ஊழியர் வரவில்லையென்றால் ஊரார் தாசில்தார் ஆபீசில் கேட்க வேண்டும். எண்ணப்படுவது சலுகை அல்ல, உரிமை.

புதிய எண்ணில் ஏழு மூன்றுகள் இருக்குமா, ஒன்றும் இராதா, யாருக்குத் தெரியும்? இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. அந்த 3,225 பெண் குழந்தைகளின் குறை நிரம்பியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.